சுவர் பூசுமுன் குழாய், கேபிள் பிறகு

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, உப்புவெளியில் எங்கள் பழைய வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபைபர் இணைப்பு கீழே முன் விறாந்தையில் வந்து நிற்கிறது. 300 எம்பிபிஎஸ் தொகுப்பு. கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் மகனும், உயர்தரம் படிக்கும் பேத்தியும் மேலே இருக்கப்போகிறார்கள். கொங்கிறீட் தட்டைத் தாண்டி வைஃபை ஏறுவதேயில்லை. பின்வளவில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஓர் அறையும் உண்டு. அங்கும் இணையம் வேண்டும். இரண்டு கண்காணிப்புக் கெமராவும் பூட்டவேண்டும். ஒரு கடையில் "கேட் 8 வகை இணையக் கேபிள் வாங்குங்கள், இருபது வருடத்துக்குக் கவலையில்லை" என்கிறார்கள். இன்னொரு கடையில் கேட் 6 என்று 305 மீற்றர் பெட்டியொன்றைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். மின்னிணைப்பாளரோ கரண்ட் வயர் போகும் குழாய்க்குள்ளேயே இதையும் இழுத்துவிடலாம், தனிக் குழாய் வீண்செலவு என்கிறார். அடுத்த கிழமை சுவர் பூச மேசன் வருகிறார். எதை வாங்குவது, எப்படிப் போடுவது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள ரீச்சர்,

"அடுத்த கிழமை மேசன் வருகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். சுவருக்குள் குழாய் இருந்தால் கேபிளை எந்த நாளும் மாற்றலாம். குழாய் இல்லாமல் பூசிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு தேவைக்கும் புதுச் சுவரை உளியால் கொத்தவேண்டும். ஆகவே இந்தக் கிழமை நீங்கள் கேபிள் வாங்கவே வேண்டாம். கேட் 6ஆ கேட் 8ஆ என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். இப்போது வாங்கவேண்டியது குழாயும் சுவர்ப் பெட்டிகளும் நைலோன் கயிறும் மட்டுமே. சுவர் பூசி, காய்ந்து, வர்ணமும் அடித்த பிறகு கேபிளை இழுப்பதுதான் முறை. ஈரச் சீமெந்தும் கரணையும் அதன்மேல் படாமல் தப்பும்.

மேசனிடம் இரண்டு நாள் தவணை கேளுங்கள். ஃபைபர் வந்து நிற்கும் முன் விறாந்தையைத் தலைமையிடமாக வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஒரு 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் போகட்டும். மின்குமிழ் வயர் போல ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாவித் தாவிப் போவது இந்த வேலைக்கு ஒத்துவராது. இணையக் கேபிளுக்கு நடுவில் ஒட்டுப் போடக்கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே துண்டாக இருக்கவேண்டும். அந்தக் குழாயில் மூன்று கேபிள் தாராளமாகப் போகும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு இழுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றது இருக்கும். இரண்டாவது கேபிளுக்காகக் கூலி பெரிதாகக் கூடப்போவதுமில்லை.

மேல்மாடி நடைபாதையின் கூரைத்தட்டு நடுவுக்கு ஒரு குழாயை மறந்துவிடாதீர்கள். உங்கள் வைஃபைக் குறைக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. கொங்கிறீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் வைஃபை அலையைத் தின்றுவிடும். வேகமான 5 கிகாஹேட்ஸ் அலையை இன்னும் மோசமாகத் தின்னும். கீழே எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் தட்டு தட்டுத்தான். கேபிள் மூலம் இணையத்தை மேலே கொண்டுபோய், அங்கே ஒரு வைஃபைப் பெட்டியைத் தொங்கவிட்டால் இரண்டு அறைக்கும் நேராக இறங்கும். மகனின் மேசைக்கும் பேத்தியின் மேசைக்கும் கேபிளே நேராகப் போகட்டும். ஃபோனுக்கு வைஃபை போதும்.

குழாய் திரும்பும் இடங்களில் எல் வடிவ மூட்டை ஒட்டவிடாதீர்கள். கேபிளை அதன் தடிப்பின் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரையில் வளைத்தால் உள்ளே இருக்கும் முறுக்குக் கலைந்துவிடும். வளைக்கும் சுருளை உள்ளே விட்டு, குழாயையே அகலமாக வளைப்பது உங்கள் மின்னிணைப்பாளருக்குக் கைவந்த வேலையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலோன் கயிறு ஓடவேண்டும். வலைச்சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் கயிறே போதும். உக்காது, வழுக்கிக்கொண்டு போகும். பூசுமுன் அந்தக் கயிற்றை இரண்டு பக்கமும் ஆட்டி இழுத்துப் பாருங்கள். இறுகினால் அங்கே ஏதோ நசுங்கியிருக்கிறது, அப்போதே திருத்திக்கொள்ளலாம். பிறகு குழாய் வாய்களைத் துணியால் இறுக அடைத்து, ஒட்டு நாடாவால் மூடிவிடுங்கள். கடைசியாக, அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும் பேத்தியின் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து யன்னல் திரைக்குத் துளைபோட வருபவருக்கு அந்தப் படம் வேண்டியிருக்கும்.

இனி அந்த ஒரே குழாய் யோசனை. உங்கள் மின்னிணைப்பாளர் உங்கள் செலவைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட். இணையக் கேபிளின் மெல்லிய உறை அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நெருக்கமான குழாய்க்குள் இழுக்கும்போது ஒரு கரண்ட் வயரின் தோல் உரிந்து, இணையக் கேபிளின் தோலும் உரிந்து, இரண்டும் தொட்டுக்கொண்டால், அந்த 230 வோல்ட் நேரே பேத்தியின் மடிக்கணினிக்குப் போகும். இதை அவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். தனிக் குழாய், கரண்ட் குழாயிலிருந்து ஓர் அடி தள்ளி ஓடட்டும். குறுக்கே வெட்டிப் போகவேண்டி வந்தால் செங்குத்தாக வெட்டட்டும்.

ஓர் அடி எதற்கு என்று அவர் கேட்டால், கேபிளைத் திறந்து காட்டலாம். உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1881ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசிக் கம்பிகளுக்காகக் கண்டுபிடித்த உத்தி இது. பக்கத்து மின்கம்பியின் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே எடுப்பதால் இரைச்சல் தானாகக் கழிந்துபோகிறது. நான்கு சோடியும் ஒரே இறுக்கத்தில் முறுக்கப்படாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் முறுக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். ஒரு சோடி மற்றச் சோடியோடு பேசிவிடாமல் இருக்கத்தான் அது. மீற்றர் கணக்கில் மின்கம்பியோடு ஒட்டி ஓடவிட்டால் இந்த ஏற்பாட்டுக்குத் தேவையில்லாத சுமையை ஏற்றுகிறோம்.

கேபிளின் இலக்கத்துக்கு வருகிறேன். கேட் 5ஈ 100 மீற்றர்வரை 1 ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும், அதாவது 1000 எம்பிபிஎஸ். 2016இல் வந்த நியமத்தின்படி 2.5 ஜிகாபிட்கூடப் போகும். உங்கள் 300க்கு அதுவே போதும். கேட் 6, 55 மீற்றர்வரை 10 ஜிகாபிட் கொண்டுபோகும். வீட்டுக்குள் உங்களுடைய மிக நீண்ட ஓட்டம் 30 மீற்றரைத் தாண்டாது என்று நினைக்கிறேன். 10 ஜிகாபிட்டை முழு 100 மீற்றருக்கும் கொண்டுபோக கேட் 6ஏ வேண்டும். அது தடிப்பானது, விறைப்பானது. சிறிய சுவர்ப்பெட்டிக்குள் மடக்குவது பெரும்பாடு. ஆகவே உங்கள் வீட்டுக்கு என் பதில் கேட் 6. சுத்தச் செம்பு, ஒற்றைக் கம்பி, தடிப்பு 23 அளவு (23 AWG). இதற்கு மேலே போகத் தேவையில்லை.

கேட் 8 பொய்யான பொருள் அல்ல. தரவு மையங்களில் கருவிகளை அடுக்கும் ஒரு சட்டத்திலிருந்து (றாக்) அடுத்த சட்டத்துக்கு 25 அல்லது 40 ஜிகாபிட் கொண்டுபோவதற்காக அதை வகுத்தார்கள். அதன் எல்லையே 30 மீற்றர்தான். கவசம் சுற்றிய கேபிள் அது. கவசம் தன் வேலையைச் செய்ய இரண்டு முனையிலும் உலோகக் கூடுள்ள இணைப்பிகளும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். வீட்டில் அதைச் செய்து தருவோர் அரிது. உங்கள் ரவுட்டரும் மடிக்கணினியும் அந்த வேகத்தைக் கனவிலும் தொடப்போவதில்லை. கேட் 7ஐக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை வகுத்த நியமம் வேறு வகை இணைப்பிகளைத்தான் குறிப்பிட்டது. நம்முடைய ரவுட்டரில் இருக்கும் ஆர்ஜே 45 துளைக்கு ஏற்ற தலையைப் பூட்டி கேட் 7 என்று விற்பதில் இலக்கத்துக்குத்தான் விலை. இருபது வருடம் கழித்து உண்மையிலேயே அதிக வேகம் தேவைப்பட்டால், உங்கள் குழாய்க்குள் இருக்கும் நைலோன் கயிற்றைப் பிடித்து அன்றைய கேபிளை இழுத்துக்கொள்ளலாம்.

பாதி விலைப் பெட்டியைப் பற்றி நான் இன்னும் கடுமையாகச் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசியதாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கடைக்குப் போகும்போது ஒரு பிளேடை எடுத்துப்போங்கள். கேபிள் முனையிலிருந்து ஒரு கம்பியை உரித்து, பிளேடை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் சுரண்டுங்கள். சுத்தச் செம்பானால் எவ்வளவு சுரண்டினாலும் அதே சிவப்புத்தான். பூச்சானால் மூன்றாவது நான்காவது சுரண்டலிலேயே உள்ளேயிருந்து வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். பிறகு அந்தக் கம்பியை விரல்களுக்கிடையில் பிடித்து முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். செம்பு பல மடிப்புத் தாங்கும். அலுமினியம் சீக்கிரமே முறிந்து கையோடு வரும்.

பிளேடு எடுத்துப்போகச் சங்கடமாக இருந்தால் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். 305 மீற்றர் கேட் 6 பெட்டியில், 23 அளவுக் கம்பியானால், எட்டுக் கம்பியிலும் உள்ள செம்பு மட்டும் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். பூச்சுக் கம்பியில் உலோகம் இரண்டு கிலோ சொச்சம்தான். உறையின் எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பக்கத்தில் நல்ல பெட்டியொன்றை வைத்து இரண்டையும் மாறி மாறித் தூக்கினால் கைக்கே தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தக் கம்பியின் பலவீனங்கள் எல்லாம் உங்கள் வீட்டில்தான் ஒன்றுசேர்கின்றன. அலுமினியம் மின்னோட்டத்துக்கு அதிகத் தடை கொடுக்கும். செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். உங்கள் கெமராக்களுக்கு மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் போகப்போகிறது. அதிகத் தடை என்றால் கெமராவுக்குப் போய்ச்சேரும் வோல்ட் குறைவு, கேபிளில் சூடு அதிகம். இரவில் கெமராவின் விளக்கு எரியத் தொடங்கும்போது அது அணைந்து அணைந்து எரிவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது கடற்காற்று. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். உப்புவெளியில் யன்னல் கொண்டிகள் என்ன பாடுபடுகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பியைப் பிளேடு பல்லுக்குள் அழுத்தும் இணைப்பி முனைகளில், வெட்டுப்பட்ட இடத்தில், அதே அரிப்புத்தான் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். முதல் வருடம் எல்லாம் சரியாக ஓடும். இரண்டு மாரி கழிந்த பிறகு ஒருநாள் இணைப்பு விட்டுவிட்டு வரும். யாருக்கும் காரணம் பிடிபடாது.

இழுத்து முடித்த பிறகும் ஒரு சோதனை செய்யலாம். 30 மீற்றர் கேபிளின் மறுமுனையில் ஒரு சோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, இந்த முனையில் மின்னிணைப்பாளரின் மல்ரிமீற்றரால் தடையை அளக்கச் சொல்லுங்கள். 23 அளவுச் சுத்தச் செம்பானால் 4 ஓம் அளவில் காட்டும். 6ஐத் தாண்டினால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது முனை கட்டுதல். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான். சுவருக்குள் போகும் கேபிளின் முனையில் தலை (பிளக்) அடிக்கவேண்டாம். சுவர்ப்பெட்டியில் பெண்துளையுள்ள ஜாக் பூட்டி, அங்கிருந்து மேசைக்குத் தொழிற்சாலையில் செய்த குட்டைக் கேபிள் கோர்ட் ஒன்றைக் கொழுவுங்கள். சுவருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி, அசையாமல் கிடக்கவே பிறந்தது. மேசையில் நாளுக்குப் பத்துத்தரம் இழுபடும் கோர்ட்டுக்குப் பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பிதான் தாங்கும்.

நிற ஒழுங்குக்கு இரண்டு நியமங்கள் உண்டு, ஏ என்றும் பி என்றும். எதுவானாலும் சரி, இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால். பி ஒழுங்கு இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். கவனித்தீர்களா, பச்சைச் சோடி பிரிந்து நிற்கிறது. அதன் நடுவில் நீலச் சோடி வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய தொலைபேசிக் கம்பிகள் நடுவிலுள்ள இரண்டு ஊசிகளைத்தான் பயன்படுத்தின. அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் மற்றதைச் சுற்றி அமைத்தார்கள்.

இதை அறியாதவர் என்ன செய்வார் என்றால், சோடி சோடியாக அடுக்கிவிடுவார். பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். நிலாவெளியில் ஒரு தங்குமிடத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது இதைத்தான் கண்டேன். எட்டு விளக்குச் சோதனைக் கருவியைக் கொழுவினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டும் வரிசை பிசகாமல் எரிந்தன. இணைப்போ பத்து நிமிடத்துக்கொருதரம் விழுந்தது. ஜாக்கின் மூடியைக் கழற்றிய பிறகுதான் விளங்கியது. கருவி பார்ப்பது இந்த முனையின் மூன்றாம் கம்பி அந்த முனையின் மூன்றில் வருகிறதா என்பதை மட்டுமே. அது வந்தது. ஆனால் ஒரு சோடியாக வேலை செய்யவேண்டிய மூன்றாம் ஊசியும் ஆறாம் ஊசியும் இரண்டு வேறு முறுக்குகளிலிருந்து வந்த கம்பிகள். ஒன்று பச்சைச் சோடியிலிருந்து, மற்றது நீலச் சோடியிலிருந்து. ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிக்கு இரைச்சலைக் கழிக்கும் சக்தி இல்லை. குட்டைக் கேபிளில் இந்தப் பிழை மறைந்து கிடக்கும், நீளம் கூடக்கூட வெளிப்படும். பதினாறு அறையின் முப்பத்திரண்டு முனையையும் வெட்டி மறுபடி கட்டினோம். ஆகவே உங்கள் வீட்டில் முதல் ஜாக்கைக் கட்டியதும் நீங்களே மூடியைத் திறந்து, ஜாக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பி நிறப்பட்டியோடு கம்பிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவரின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக.

கட்டும்போது வெளியுறையை மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் உரிக்கத் தேவையில்லை. முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கவே கூடாது. சுண்டுவிரல் நக அகலத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நேர்த்திக்காக எட்டுக் கம்பியையும் நீளமாக நீவி நேராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நீவிய நீளம் முழுக்க முறுக்கைக் கலைத்ததாகத்தான் கணக்கு. சுவர்ப்பெட்டியில் ஒரு சாண் கேபிளும் விறாந்தைப் பக்கம் இரண்டு மீற்றரும் மிச்சம் விட்டு வையுங்கள். இரண்டு முனையிலும் எந்த அறை என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மகனின் மடிக்கணினியைக் கொழுவி, வலையமைப்பு நிலை காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே இணைப்பு வேகம் 1000 என்றோ 1 ஜிகாபிட் என்றோ இருக்கவேண்டும். 100 என்று காட்டினால் கூலியைக் கொடுக்குமுன் நிறுத்துங்கள். 100 எம்பிபிஎஸ்சுக்கு இரண்டு சோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ மண்ணிறத்திலோ ஒரு கம்பி சரியாக அழுந்தாமல் இருந்தால், கருவிகள் எந்த முறைப்பாடும் இல்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டேயிருக்கும். நீங்கள் மாதாமாதம் 300க்குப் பணம் கட்டுவீர்கள், மூன்றில் ஒன்றுதான் மேலே வரும். இந்தப் பிழையோடு வருடக்கணக்காக இருக்கும் வீடுகளை நான் திருகோணமலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெமராக்கள் வெளியே இருப்பதால் அந்த இரண்டு ஓட்டத்துக்கும் கறுப்புப் பொலித்தீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிளை வாங்குங்கள். வீட்டுக்குள் போடும் வெள்ளை, சாம்பல் உறை நம்முடைய வெயிலில் வெடித்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் வெடித்த உறைக்குள் மாரியில் தண்ணீர் இறங்கும். கெமராவின் இணைப்பு முனை நீர்புகாப் பெட்டிக்குள் இருக்கட்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறி நுழையவேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். வாடைக்காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை வடகிழக்கிலிருந்து வருவதால், அந்தப் பக்கத்துச் சுவரில் பெட்டியின் வாய் கீழ்நோக்கியே இருக்கட்டும்.

கடைசியாகப் பின்வளவு அறை. அதற்குச் செம்புக் கேபிள் போடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் தொழிலின் தொடக்கத்தில் நானே போட்டேன். இரண்டு கட்டடத்துக்கிடையில் 40 மீற்றர், நல்ல கேபிள், நல்ல வேலை. ஐப்பசியில் ஒரு பின்னேரம் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. கேபிளில் விழவில்லை, மரத்தில்தான். ஆனால் இடி இறங்கிய இடத்தைச் சுற்றி நிலத்தின் மின்னழுத்தம் இடத்துக்கிடம் பெரிதாக மாறும். இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையில் அந்தக் கணத்தில் எழுந்த வித்தியாசம், நான் போட்ட கேபிளையே பாலமாக்கிக்கொண்டு ஓடியது. ரவுட்டர், வலையமைப்பு சுவிட்ச், தொலைக்காட்சி, வாடகைக்கு வந்தவரின் மடிக்கணினி எல்லாம் போயின. அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது, ஆகவே இரண்டு கட்டடத்தையும் அது மின்சாரத்தால் இணைக்காது. உலோகக் கம்பி எதுவும் சேர்க்காத, இரண்டு முனையிலும் தலை பூட்டியே வரும் வெளிப்புற ஃபைபர் கேபிளைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஃபைபரை ஈதர்நெட்டாக, அதாவது சாதாரண இணையக் கேபிள் இணைப்பாக, மாற்றும் சிறு பெட்டி ஒவ்வொன்று வேண்டும். அவை உள்ளங்கை அளவில்தான் இருக்கும், விலையும் இப்போது பயமுறுத்துவதாக இல்லை. மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடாதீர்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படித் தொங்கிய வயர்களை மறுநாள் வேலியோரங்களில் பொறுக்கினோம். ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, குழாயைப் புதைத்து, அதற்குள் ஃபைபரை விடுங்கள். உப்புவெளி மணலில் அது அரைநாள் வேலை. புதைத்த குழாய்க்கு ஓர் அடிக்கு மேலே, மண்ணோடு மண்ணாக, நிறமான பிளாஸ்ரிக் நாடா ஒன்றைப் போட்டு மூடினால், பின்னாளில் வாழைக்குக் குழி வெட்டுபவரின் மண்வெட்டிக்கு முதலில் நாடா தென்படும்.

மின்சாரப் பக்கத்தால் வரும் இடியை ஃபைபர் தடுக்காது. ஆகவே முழக்கம் கேட்டால் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றும் வழக்கத்தை விடவேண்டாம்.

தலை பூட்டி வரும் ஃபைபரை நினைத்தபடி வெட்டி ஒட்ட முடியாது, நீளம் சொல்லித்தான் வாங்கவேண்டும். விறாந்தையிலிருந்து பின்வளவு அறையின் மேசைவரை, குழாய் போகப்போகும் வழியே நூல் பிடித்து அளந்து, மூன்று மீற்றர் கூட்டிக் கடையில் சொல்லுங்கள். மிஞ்சுவதை அகலமான வளையமாகச் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் கொழுவி வைக்கலாம்.